கடலோரக் கோட்டை பார்க்க மதுரையிலிருந்து எங்கே போகலாம்: வட்டக்கோட்டையா, மனோராவா, தரங்கம்பாடியா?

பள்ளி லீவு விட்டால் போதும், இந்தக் கேள்வி ஏதாவது ஒரு வடிவில் வந்துவிடும். "பிள்ளைகளுக்குக் கோட்டை பார்க்கணுமாம், கூடவே கடலும் வேணுமாம். அம்மாவையும் கூட்டிக்கிட்டுப் போகணும். ஒரே நாளில் போய்த் திரும்ப முடியுமா?" கேட்பவர்கள் பெரும்பாலும் மூன்று பெயர்களை வைத்துக்கொண்டு குழம்புகிறார்கள்: கன்னியாகுமரிக்குப் பக்கத்து வட்டக்கோட்டை, பட்டுக்கோட்டை தாண்டி மல்லிப்பட்டினம் பக்கம் நிற்கும் மனோரா, தரங்கம்பாடியின் டேனிஷ் கோட்டை. நான் நான்காவதாக ஒன்றைச் சேர்ப்பேன். அது நம் ஊருக்குள்ளேயே இருக்கிறது, டீசல் செலவில்லை.

திண்டுக்கல், திருமயம் இரண்டும் நல்ல கோட்டைகள்தாம். ஆனால் அவை மலையை நம்பி எழுந்தவை. தண்ணீரை ஒட்டி எழும் கோட்டையின் கதை வேறு. எதிரி கப்பலில் வருவான் என்று பீரங்கியைக் கடல் பக்கம் திருப்பி வைப்பார்கள். சரக்கும் அதே கப்பலில்தான் வரும், அதனால் பீரங்கி மேடைக்குக் கீழேயே கிடங்கு கட்டுவார்கள். சண்டை ஓய்ந்த பிறகும் இடம் நல்ல இடம், சுவர் நல்ல சுவர். யாராவது அதை எதற்காவது பயன்படுத்திக்கொண்டேதான் இருப்பார்கள்: சிறை, அலுவலகம், பயணியர் மாளிகை, அருங்காட்சியகம், சினிமா படப்பிடிப்பு. எந்தக் கோட்டைக்குப் போவது என்பதை முடிவு செய்ய, அங்கே என்ன சண்டை நடந்தது என்பதைவிட, சண்டைக்குப் பிறகு அது என்னவாக இருந்தது என்று பார்ப்பதுதான் உதவும் என்பது என் கட்சி. கீழே அந்தக் கண்ணோடுதான் எடை போட்டிருக்கிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

முதலாவது, மேலே சொன்னது: கோட்டை எத்தனை வேடம் போட்டிருக்கிறது, அந்த வேடங்களில் எத்தனை இன்றும் கண்ணுக்குத் தெரிகின்றன? சில கோட்டைகளுக்குப் பெரிய வரலாறு இருக்கும், நேரில் போனால் வெறும் சுவர்தான் இருக்கும். சிலவற்றில் ஒவ்வொரு அறையும் ஒரு காலத்தைச் சொல்லும்.

இரண்டாவது, தூரம். மதுரையிலிருந்து விடிகாலை கிளம்பி இரவுக்குள் வீடு திரும்ப முடியுமா, அல்லது ஓர் இரவு தங்கியே ஆகவேண்டுமா என்பது செலவை இரட்டிப்பாக்கும் விஷயம்.

மூன்றாவது, முழங்கால். வீட்டில் வயதானவர் இருந்தால் படிக்கட்டு எத்தனை, நிழல் எங்கே, உட்கார இடம் உண்டா என்பதுதான் கேள்வி. வரலாறெல்லாம் அதற்குப் பிறகுதான்.

நான்காவது, யாரும் முன்கூட்டிச் சொல்லாத செலவு. நுழைவுக் கட்டணம் இந்த இடங்களில் எங்கும் பாரமில்லை. பணமும் நேரமும் கரைவது சுங்கச்சாவடியிலும், சாப்பாடு தேடி ஊர் ஊராக அலைவதிலும், போன நாளில் பூட்டிக் கிடக்கும் கதவின் முன்னாலும்தான்.

கடைசியாக ஒன்று: அந்த இடம் தன்னைத் தானே விளக்கிக்கொள்கிறதா? வழிகாட்டி இல்லாமல், பலகைகளையும் பொருட்களையும் பார்த்தே பத்து வயதுப் பிள்ளைக்குக் கதை புரியுமா, இல்லை நீங்கள் முந்தின நாள் படித்துவிட்டுப் போய்ச் சொல்ல வேண்டுமா?

## வட்டக்கோட்டை: சுவர் நிறைய, கதை நீங்கள் கொண்டுபோக வேண்டும்

கன்னியாகுமரியிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் வடகிழக்கே, கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும் கருங்கல் கோட்டை. 1741இல் குளச்சலில் டச்சுக் கம்பெனிப் படையைத் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மர் முறியடித்தார். பிடிபட்ட அதிகாரி டி லனாய் பிறகு அதே மன்னரிடம் வேலைக்குச் சேர்ந்து, 'வலிய கப்பித்தான்' என்று பெயர் வாங்கும் அளவுக்கு உயர்ந்தார். திருவிதாங்கூரின் படையையும் கோட்டைகளையும் ஐரோப்பிய முறையில் திருத்தி அமைத்தவர் அவர்தான். வட்டக்கோட்டையும் அவர் கைபட்டது. அதற்கு முன்பே அங்கே பழைய கோட்டை ஒன்று இருந்ததாகச் சொல்வார்கள். சுவரில் மீன் சின்னத்தைக் காட்டி "இது பாண்டியனுடையது" என்று உள்ளூர்க்காரர் சொல்லும்போது மதுரைக்காரனுக்குக் கொஞ்சம் மார்பு விரியத்தான் செய்யும்.

ஆரல்வாய்மொழிக் கணவாயிலிருந்து கடல்வரை திருவிதாங்கூர் போட்டிருந்த தற்காப்பு அரணின் கடல்முனை இது. 1809 பிப்ரவரியில், வேலுத்தம்பி தளவாயின் கிளர்ச்சியை ஒடுக்க வந்த ஆங்கிலேயப் படை அந்த அரணை உடைத்தது. அத்துடன் கோட்டையின் போர்த்தொழில் முடிந்தது. டி லனாய் காலத்திலிருந்து கணக்குப் போட்டால் அது ஆயுதம் ஏந்தி நின்றது எழுபது ஆண்டுகூட வராது. அதன்பின் இருநூறு ஆண்டுக்கு மேலாக அது சும்மா நிற்கிறது. 1956 நவம்பர் 1இல் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தது, கோட்டையும் கூடவே வந்தது. இன்று மத்தியத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கிறது.

வேடம் மாறாமல் நின்றதில் ஒரு லாபமும் இருக்கிறது. உள்ளே யாரும் அறை கட்டவில்லை, சுவர் இடித்து ஜன்னல் வைக்கவில்லை. பீரங்கியை மேலே இழுத்துக்கொண்டுபோன சாய்தளம் அப்படியே இருக்கிறது. நடுவே ஒரு குளம், சுற்றிலும் மர நிழல். மேலே ஏறினால் ஒரு பக்கம் கடல், மறு பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலையின் கடைசிக் குன்றுகள். சாய்தளம் என்பதால் படிக்கட்டைக் கண்டால் பயப்படும் பாட்டிகூட மெதுவாக ஏறிவிடலாம். இந்த நான்கில் முழங்காலுக்கு மிகவும் இரக்கம் காட்டும் கோட்டை இதுதான்.

குறை என்னவென்றால், உள்ளே கதை சொல்லும் பொருள் எதுவும் இல்லை. சுவரும் குளமும் காற்றும்தான். பிள்ளைகள் முக்கால் மணி நேரம் ஓடி விளையாடுவார்கள், பிறகு "அடுத்து எங்கே?" என்பார்கள். குளச்சல் போர் பற்றி வண்டியிலேயே சொல்லிவிட்டுப் போனால்தான் அந்தச் சாய்தளத்துக்கு அர்த்தம் வரும். முடிந்தால் புலியூர்க்குறிச்சியில் உள்ள உதயகிரிக் கோட்டையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டி லனாய் 1777இல் இறந்து அங்கேதான் அடக்கமானார். பீரங்கி வார்த்த அந்தக் கோட்டை இன்று வனத்துறையின் பூங்கா. பக்கத்தில்தான் பத்மநாபபுரம் அரண்மனை. ஆனால் அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை, சனி ஞாயிறு நெரிசலைத் தவிர்க்கலாம் என்று திங்களன்று கிளம்புபவர்கள் இங்கே ஏமாறுவார்கள்.

மறைந்திருக்கும் செலவு: நான்குவழிச் சாலை சுகம்தான், அதற்குக் கப்பம் உண்டு. கப்பலூர், எட்டூர்வட்டம், சாலைப்புதூர், நாங்குநேரி என்று வரிசையாகச் சுங்கச்சாவடிகள். போக வர இரண்டு தடவை கழியும். 240 கிலோமீட்டர் சொச்சம், நான்கு மணி நேரம். ரயிலில் போனால் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் கன்னியாகுமரியில் இறங்கி ஆட்டோ பிடிக்க வேண்டும், கோட்டையில் ஆட்டோவைக் காத்திருக்கச் சொல்ல வேண்டும். கன்னியாகுமரியிலிருந்து கடல்வழியே படகில் கோட்டைப் பக்கம் கூட்டிப்போகும் ஏற்பாடும் உண்டு. அது காற்றும் அலையும் இடம் கொடுத்தால்தான். படகை நம்பி நாள் திட்டத்தைப் போடாதீர்கள். இன்னொன்று, கோட்டையை ஒட்டிய கருமணல் கரை பார்க்க அழகு, குளிக்க அல்ல.

## மனோரா: ஒரு நாளும் சண்டை போடாத கோட்டை

மதுரையிலிருந்து காரைக்குடி, அறந்தாங்கி, பேராவூரணி வழியாகப் போனால் மூன்றரை மணி நேரத்தில் மனோரா. மூன்றில் இதுதான் கிட்ட. போகிற வழி செட்டிநாடு. இந்தப் பயணத்தின் மிகச் சிறந்த வேளைச் சாப்பாடு காரைக்குடியில் கிடைத்துவிடும். அதை மனோராவின் வரவுக் கணக்கில்தான் எழுத வேண்டும்.

இதைக் கட்டியவர் தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி, 1814–15இல். ஐரோப்பாவில் நெப்போலியன் வீழ்ந்ததற்கு, ஆங்கிலேயர் வென்றதற்கு, பாக் நீரிணையின் கரையில் நினைவுத் தூண்! ஆறு பட்டை, எட்டு அடுக்கு, எழுபத்தைந்து அடி உயரம், சுற்றி அகழியும் மதிலும். பார்த்தால் கோட்டை. ஆனால் 1799இலேயே ஒப்பந்தம் போட்டு நாட்டின் ஆட்சியை ஆங்கிலேயக் கம்பெனியிடம் கொடுத்துவிட்டவர் சரபோஜி. அவர் கையில் மிஞ்சியது தஞ்சைக் கோட்டையும் சுற்றுப்புறமும்தான். கையில் படை இல்லாத மன்னர், தன் நாட்டை வாங்கிக்கொண்டவனின் வெற்றிக்கு அகழி வெட்டி மதில் எழுப்பியிருக்கிறார். சரஸ்வதி மகால் நூலகத்தை வளர்த்தெடுத்த அறிவாளி அவர். ஆங்கிலேயனைக் குளிர்வித்துத் தன் புத்தகங்களையும் கலைஞர்களையும் காப்பாற்றிக்கொண்டார் என்றுதான் நான் இதைப் படிக்கிறேன். "அடிமைச் சின்னம்" என்று முகம் சுளிப்பவர்களும் உண்டு. அவர்களோடு வாதாட எனக்கு விருப்பமில்லை, போய்ப் பார்த்துவிட்டு அவரவர் முடிவு செய்யலாம்.

கலங்கரை விளக்கமாகவும் இது இருந்தது என்பார்கள். இப்போது உள்ளூர்க்காரர்கள் மாலையில் காற்று வாங்க வரும் இடம். 2022இல் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அரசு அறிவித்தது. மனோரா நிற்பது அந்தக் கரையில்தான். எதிரிக் கப்பலைப் பார்க்கும் தோற்றத்தில் கட்டிய கோபுரத்தின் முன்னால், கடற்புல் மேயும் ஆவுளியாவை, அதாவது அந்தக் கடற்பசுவை, காப்பாற்றும் வேலை நடக்கிறது. பிள்ளைகளுக்கு நெப்போலியனைவிட இந்தச் செய்தி பிடிக்கிறது. நெப்போலியன் பரீட்சைக்கு வருகிறவர், ஆவுளியா வருவதில்லை.

எச்சரிக்கை: எட்டு அடுக்கு என்றதும் உச்சிவரை ஏறலாம் என்று பிள்ளைகளிடம் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். எதுவரை ஏற விடுவார்கள் என்பது அன்றைய நிலையைப் பொறுத்தது. படிகள் குறுகல், பெரியவர்கள் கீழேயே இருப்பது நல்லது. கடல் இங்கே அலையடிக்காத கடல், சேறு கலந்த ஆழமில்லாத கரை. கன்னியாகுமரி அலையை மனத்தில் வைத்துக்கொண்டு வருபவர்களுக்குச் சப்பென்று இருக்கும். கடை கண்ணி அதிகமில்லை. தண்ணீரும் நொறுக்குத் தீனியும் பேராவூரணியிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். கோட்டை மட்டும் பார்க்க ஒரு மணி நேரம் தாராளம். அதனால் தனியாக இதற்காகவே போவதைவிட, காரைக்குடியிலிருந்து சற்று விலகித் திருமயத்தையும் ஒரே நாளில் சேர்த்தால்தான் பயணம் நிறையும். சேதுபதிகள் கட்டிய மலைக்கோட்டையைக் காலையிலும், சரபோஜியின் கடல் கோபுரத்தை மாலையிலும் பார்த்தால், எது உண்மையாகச் சண்டைக்கு எழும்பியது, எது கண்ணுக்கு எழும்பியது என்பது சொல்லாமலே விளங்கும்.

## தரங்கம்பாடி: ஒரே கட்டடம், நான்கு நூற்றாண்டு வேலை

தூரம்தான் இதன் எதிரி. தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை வழியாக ஒரு வழிக்கே ஆறு மணி நேரம் வைத்துக்கொள்ள வேண்டும். மதுரை வழியாக மயிலாடுதுறைக்கு ரயில் இருக்கிறது. மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கும் ஒரு காலத்தில் ரயில் ஓடியது, 1980களில் நிறுத்திவிட்டார்கள். இப்போது பஸ்தான். ஆக, ஓர் இரவு தங்காமல் இங்கே போகாதீர்கள். ஒரே நாளில் போய்த் திரும்பியவர்கள் வண்டியைத்தான் பார்த்தார்கள், கோட்டையைப் பார்க்கவில்லை.

இவ்வளவு தூரம் போகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1620இல் டென்மார்க் அரசரின் கடற்படைத் தளபதி ஓவே ஜெட்டே, தஞ்சை மன்னர் ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு இங்கே கோட்டை கட்டினார். அவர்கள் வந்தது இலங்கையை நாடி, அங்கே காரியம் கைகூடாமல்தான் இந்தப் பக்கம் திரும்பினார்கள். நாயக்கருக்கும் கணக்கு இருந்தது: நாகப்பட்டினத்தில் உட்கார்ந்திருந்த போர்ச்சுகீசியர்களுக்குப் போட்டியாக இன்னொரு வெள்ளைக்காரன் இருந்தால் விலை பேச வசதி. ஆண்டுக்கு 3,111 ரூபாய் குத்தகை பேசி இடம் கொடுத்தார். ஆகவே இது போரில் பிடித்த மண்ணில் எழுந்த கோட்டை இல்லை, வாடகை இடத்தில் எழுந்தது. அந்தக் குணம் கட்டடத்திலேயே தெரியும். கீழ்த்தளத்தில் கிடங்குகள், சமையலறை, படைவீரர் இருப்பிடம், சிறை. மேல்தளத்தில் ஆளுநர், பாதிரியார், வணிகர் குடியிருப்பு. மிளகு மூட்டைக்கு மேலேதான் ஆட்சி நடந்தது.

இந்தக் கோட்டையின் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியைப் பலகைகளில் விரிவாக எதிர்பார்க்க முடியாது. 1640கள் தொடங்கி 1669 வரை டென்மார்க்கிலிருந்து கப்பலே வரவில்லை. அங்கே போர், பணமில்லை, இவர்களை மறந்துவிட்டார்கள். காய்ச்சலிலும் வயதிலும் ஆட்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர, கடைசியில் எஸ்கில்ட் கோங்ஸ்பாக்கே என்ற ஒரே டேனியர், உள்ளூர் ஆட்களை வைத்துக்கொண்டு கோட்டையைக் கட்டிக் காத்தார். குத்தகைப் பாக்கிக்காக நாயக்கர் படை வந்து நெருக்கியது. ஊரைச் சுற்றி மதில் எழுப்பிச் சமாளித்தார். 1669இல் கப்பல் வந்தபோது கொடி இன்னும் பறந்துகொண்டிருந்தது. கம்பெனி கைவிட்ட ஒரு கிளை அலுவலகத்தை ஒற்றை மேலாளர் பல வருஷம் நடத்தியதைப் போலத்தான் இது. கோட்டைக்குள் நிற்கும்போது இதைச் சொல்லிப் பாருங்கள், பிள்ளைகள் எதிர்க்கேள்வி கேட்பதை நிறுத்த மாட்டார்கள்.

அடுத்த வேடம் சிறை. 1706இல் சீகன்பால்கு என்ற ஜெர்மானியப் பாதிரியார் டென்மார்க் அரசர் அனுப்பி இங்கே வந்தார். கோட்டைத் தலைவருக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. ஏழைகள் பக்கம் பேசினார் என்று பிடித்து நான்கு மாதம் இதே கோட்டையில் அடைத்துவைத்தார்கள். வெளியே வந்த அதே மனிதர்தான் தரங்கம்பாடியில் தமிழ் அச்சகத்தை ஓட்டி, 1715க்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். கோட்டையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் அவர் 1718இல் எழுப்பிய புதிய எருசலேம் ஆலயம் இருக்கிறது. அடுத்த ஆண்டே இறந்து அங்கேயே அடக்கமானார். சரபோஜியை இளவரசராக இருந்தபோது பேணிய சுவார்ட்ஸ் பாதிரியாரும் 1750இல் வந்து முதலில் பணி தொடங்கியது இந்தத் தரங்கம்பாடியில்தான். மனோராவுக்கும் இந்தக் கரைக்கும் அப்படி ஒரு உறவு.

1784இல் ஆளுநர் கோட்டையை விட்டு எதிரே இருந்த பங்களாவுக்குக் குடிபோனார். அன்றிலிருந்து கோட்டை வெறும் அலுவலகமும் கிடங்கும். 1845இல் டேனியர்கள் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்து ஆங்கிலேயருக்குப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு விற்றுவிட்டார்கள். பீரங்கிச் சத்தமில்லை, பத்திரப்பதிவுதான். நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்ததும் துறைமுகத்தின் பிழைப்பும் போயிற்று. அதன்பின் பயணியர் மாளிகை: அதிகாரிகள் கட்டில் போட்டுத் தூங்கிய இடம். 1970களின் இறுதியில் மாநிலத் தொல்லியல் துறை எடுத்துக்கொண்டு அருங்காட்சியகம் வைத்தது. டேனியப் பீங்கான், நாணயங்கள், ஆயுதங்கள், பழைய ஆவண நகல்கள் எல்லாம் அங்கே இருக்கின்றன. பின்னர் டென்மார்க்கிலிருந்தும் உதவி வந்து பழுது பார்த்தார்கள். ஆக, கோட்டை, கிடங்கு, சிறை, அலுவலகம், தங்கும் விடுதி, அருங்காட்சியகம். இத்தனையும் ஒரே சுவருக்குள். முதல் அளவுகோலில் மற்ற இரண்டும் பக்கத்தில்கூட வர முடியாது.

கடல் இங்கே அலங்காரமல்ல. 1306இல் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் தின்றது கண் முன்னாலேயே தெரியும். 2004 டிசம்பர் 26இல் சுனாமி இந்த ஊரில் வாங்கிய உயிர்களை ஊர்க்காரர்கள் மறக்கவில்லை. பாறைகளைக் கொட்டித்தான் கரையைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளைத் தண்ணீருக்குள் இறங்க விடாதீர்கள்.

மறைந்திருக்கும் செலவு: கோட்டையை ஒட்டிய பழைய பங்களாக்கள் சில இன்று விடுதிகள். வாடகை கைக்கு அடக்கமில்லை. சிக்கனமாகத் தங்க வேண்டுமானால் மயிலாடுதுறை, அல்லது காரைக்கால். சாப்பாட்டுக்குப் பொறையாறு வரை போய்வர வேண்டியிருக்கும். அருங்காட்சியகத்துக்கு வார விடுமுறை உண்டு, கிளம்பும் முன் எந்த நாள் என்று விசாரித்துக்கொள்ளுங்கள். பூட்டிய கோட்டையை வெளியிலிருந்து படமெடுக்க ஆறு மணி நேரம் பயணம் செய்வது வயிற்றெரிச்சல். அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அந்த மாதங்களை விட்டுவிடுங்கள். ஜனவரி, பிப்ரவரி அருமையான காலம்.

## மதுரை: கோட்டையைக் கரைத்துத் தெருவாக்கிய ஊர்

இதைப் பட்டியலில் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. மதுரைக் கோட்டை எங்கே இருக்கிறது என்று கேட்பார்கள். நீங்கள் தினமும் அதன் மேல்தான் வண்டி ஓட்டுகிறீர்கள் என்று பதில் சொல்வேன்.

வடக்கே வைகை, சுற்றிலும் அகழி, எழுபத்திரண்டு கொத்தளம் என்று நாயக்கர் காலத்தில் எழுந்த கோட்டை அது. 1764இல் மருதநாயகம் என்ற யூசுப்கான் மாதக்கணக்கில் உள்ளே இருந்து சண்டை போட்டதும், காட்டிக்கொடுக்கப்பட்டுத் தூக்கில் தொங்கியதும் இந்தக் கோட்டைக் கதைதான். 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் கலெக்டர் பிளாக்பர்னுக்கு, ஊர் மூச்சு முட்டுகிறது, அகழி நாறுகிறது என்று தோன்றியது. சுவரை இடித்து அகழியைத் தூர்ப்பவர்களுக்கு அந்த நிலமே சொந்தம் என்றார். ஜனங்கள் மண்வெட்டியோடு வந்தார்கள். வெளி வீதிகள் அந்தச் சுற்றில் பிறந்தன. வேலையை நின்று நடத்தியவர்கள் பெயரில்தான் பெருமாள் மேஸ்திரி வீதியும் மாரட் வீதியும். கலெக்டர் நினைவாக நட்டது விளக்குத்தூண்.

பெரியார் பேருந்து நிலையப் பக்கம் மேற்கு வாசல் கொத்தளத்தின் மிச்சம் ஒன்று நிற்கிறது. அதற்கும் உள்ளே, பழைய பாண்டியர் கோட்டையின் மிச்சமாக இடிக்காமல் விட்ட விட்டவாசல், மீனாட்சி கோயிலுக்குக் கிழக்கே. இந்த இரண்டையும் பார்த்து, வெளி வீதிகளில் ஒரு சுற்று நடந்து, விளக்குத்தூணில் முடித்தால் காலை ஏழு மணிக்குத் தொடங்கிப் பத்து மணிக்குள் வீட்டுக்கு வந்துவிடலாம். ஆனி ஆடி வெயிலில் பத்துக்கு மேல் இழுக்காதீர்கள். கோட்டைக்குக் கடைசியாகக் கிடைக்கக்கூடிய பயன்பாடு என்ன என்று கேட்டால், வீட்டுமனை என்பேன். மற்ற மூன்று ஊர்களிலும் சுவர் பிழைத்தது, இங்கே நிலம் பிழைத்தது.

குறை வெளிப்படை: பார்க்க "கோட்டை" என்று எதுவும் இல்லை. போக்குவரத்தின் நடுவே நின்று கற்பனை செய்யத் தெரிந்தவர்களுக்குத்தான் இது. பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் ஜிகர்தண்டா கடையைத்தான் ஞாபகம் வைத்திருப்பார்கள்.

## ஒரே பார்வையில்

| | வட்டக்கோட்டை | மனோரா | தரங்கம்பாடி | மதுரை வெளி வீதிகள் |
|---|---|---|---|---|
| மாறிய வேடங்கள் | படை அரண், பிறகு சும்மா | நினைவுத் தூண், காற்று வாங்கும் இடம் | ஆறு வேடம், எல்லாம் தெரியும் | அரண், பிறகு தெருவும் வீடும் |
| மதுரையிலிருந்து | 4 மணி நேரம் | 3½ மணி நேரம் | 6 மணி நேரம், தங்க வேண்டும் | அரை நாள் நடை |
| முதியவர்களுக்கு | சாய்தளம், நிழல்: நல்லது | கீழே இருந்தால் சரி | மேல்தளத்துக்குப் படி ஏற வேண்டும் | நடக்க முடிந்தால் மட்டும் |
| விளக்கம் | நீங்கள் சொல்ல வேண்டும் | நீங்கள் சொல்ல வேண்டும் | அருங்காட்சியகம் உண்டு | முழுக்க உங்கள் பொறுப்பு |
| கையைக் கடிப்பது | சுங்கம், ஆட்டோ | சாப்பாடு, தண்ணீர் முன்னேற்பாடு | தங்கும் செலவு, விடுமுறை நாள் | எதுவுமில்லை |

## யார் எங்கே போகலாம்

கைக்குழந்தை, தாத்தா பாட்டி என்று இரண்டு முனையும் வண்டியில் இருந்தால் யோசிக்காமல் வட்டக்கோட்டை. கன்னியாகுமரி என்ற பெயருக்கே வீட்டில் எல்லாரும் சம்மதித்துவிடுவார்கள். கோட்டையை நடுவில் ஒரு மணி நேரம் செருகிக்கொள்ளலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்று பலமாக இருக்கும், பாட்டிக்குப் போர்வை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறு ஒன்றுதான் கையில் இருக்கிறது, ஆனால் எல்லாரும் போகும் இடத்துக்குப் போக மனமில்லை என்றால் மனோரா. இரண்டு பேர் பைக்கில் போகவும் நல்ல சாலை. பிற்பகல் வெயில் தாழ்ந்த பிறகு அங்கே இருக்கும்படி நேரத்தை வையுங்கள்.

ஏழாம் வகுப்பு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள், பாடப்புத்தகத்தில் ஐரோப்பியர் வருகையைப் படிக்கிறவர்கள், அல்லது பழைய தெருக்களில் நடப்பதில் சலிப்பு வராத தம்பதி என்றால் தரங்கம்பாடி. பணமும் இரண்டு நாளும் செலவாகும். என்னைக் கேட்டால் வருஷத்துக்கு ஒரு பயணம்தான் என்றால் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன். வட்டக்கோட்டைக்குக் கன்னியாகுமரி போகும் சாக்கில் எப்போதும் போகலாம், தரங்கம்பாடிக்கு அப்படிச் சாக்கு தானாக அமையாது.

மதுரை நடை? மூன்றில் எதற்குப் போவதானாலும் அதற்கு முந்தின ஞாயிறு இதைச் செய்யுங்கள். இடிக்கப்பட்ட கோட்டை ஒன்றைக் கண்ட பிறகு இடிக்கப்படாத கோட்டைக்குள் நுழைந்தால், பிள்ளைகளின் முதல் கேள்வியே வேறாக இருக்கும்: "இதை ஏன்பா யாரும் இடிக்கல?"

மனோராவையும் தரங்கம்பாடியையும் ஒரே பயணத்தில் சேர்க்க முடியுமா என்றும் சிலர் கேட்கிறார்கள். முடியும், இரண்டு பகல் ஓர் இரவு போதும். முதல் நாள் விடிகாலை மதுரையில் கிளம்பி, காரைக்குடியில் காலைச் சிற்றுண்டி, பதினொன்றுக்குள் மனோரா. அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்து அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை, நாகப்பட்டினம் வழியாக வடக்கே போனால் இருட்டுவதற்குள் காரைக்கால். அறை அங்கேயே முன்பதிவு செய்துகொள்ளலாம். நாகூரும் வேளாங்கண்ணியும் வழியில் வரும், இரண்டில் ஒன்றுக்காவது வண்டியில் யாராவது வேண்டுதல் வைத்திருப்பார்கள், அதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்கிவையுங்கள். மறுநாள் காலை வெயில் ஏறும் முன் தரங்கம்பாடிக் கரைக்குப் போய் மாசிலாமணிநாதர் கோயில், 1792இல் கட்டிய ஊர்வாசல், தேவாலயங்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தால் கோட்டை திறக்கும் நேரம் வந்துவிடும். மதியம் கும்பகோணத்தில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் இரவு ஒன்பதுக்குள் மதுரை. ஓட்டுவதற்கு இரண்டு பேர் இருந்தால் மட்டும் இந்தச் சுற்றைப் போடுங்கள்.